உபகாரச் சம்பளமும் ஓய்வூதியமும்

பணியினின்றும் விலகிய படைவீரருக்கு மாதந்தோறும் அரசு அளிக்கும் தொகையை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்று வழங்கினர். இன்று நாம் அதனை ‘ஓய்வூதியம்’ என்கிறோம். ஊர்ப்புறங்களில் இவ்விரண்டும் இன்றிப் ‘பென்ஷன்’ என்றே பேச்சு நடக்கிறது. முன்னைய சொல்லில் கொடுப்பவரின் கருணை முன்னிற்கிறது. பின்னைய சொல்லில் பெறுபவரின் உழைப்பு முன்னிற்கிறது. ஒரு சொல்லை விட்டு மற்றொரு சொல்லுக்கு நாம் வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. அந்த வரலாற்றைத் திருச்சானூர் வட்டாரத்தை நடுவாக வைத்து நோக்குவோமாயின், பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகள் சில நமக்குத் தெளிவாகும்.

திருச்சானூர் திருப்பதிக்கு அணித்தே உள்ள ஊர்; அலர்மேல் மங்கைத் தாயாரின் திருக்கோயிலால் புகழ் பெற்றது. அதனை அடுத்த யோகி மல்லவரத்தில் பராசரேசுவரர் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கும் நிலம் இது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி மட்டும் பல முறை மாறியது. 1911-ஆம் ஆண்டு வரை இவ்வூர் வட ஆர்க்காடு ஜில்லா, சந்திரகிரி தாலுகாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு சித்தூர் ஜில்லா புதிதாக அமைந்தது. ஆயினும் சென்னை ராஜதானிக்குள்ளேயே இருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1956 முதல் அது ஆந்திரப் பிரதேசமாயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது திருச்சானூரும் அதனோடு சென்றது. எனவே ஒரே தெருவில் பிறந்த பாட்டனும் மகனும் பேரனும் வெவ்வேறு மாவட்டப் பெயர்களோடு படையில் சேர்ந்திருக்கக் கூடும். இது சிறு செய்தி போலத் தோன்றினும், கைம்பெண் ஒருவரின் உணவுக்கு இதுவே தடையாக வந்து நிற்பதுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

போரில் இறந்தவனுடைய குடும்பத்தைக் காப்பது ஆளுவோர் கடமை என்னும் எண்ணம் நமக்கு ஆங்கிலேயர் வாயிலாக வந்ததன்று. சித்தூர், கோலார், வட ஆர்க்காட்டுப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்கும் பூசலிலும் ஊர்காக்கும் போரிலும் பட்ட வீரருக்கு எடுத்த கற்கள் அவை. கல் நாட்டியதோடு நம்மவர் நின்றுவிடவில்லை. மாண்டவனுடைய சுற்றத்தார்க்கு நிலம் விட்டுக்கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அந்நிலத்தை ‘உதிரப்பட்டி’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. உதிரம் சிந்தியதற்காக அளித்த நிலம் என்பது அதன் பொருள். கன்னட நாட்டிலும் இத்தகைய கொடை உண்டு. அக்கொடை கல்லில் வெட்டப்பட்டமையால், பின்வந்த தலைமுறையினர் அதனை எடுத்துக் காட்டி உரிமை பேச முடிந்தது. சான்று கையில் இருந்தாலன்றி உரிமை நிலைக்காது என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர் எனலாம்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி பரவியபோது நிலைமை வேறுபட்டது. சென்னைப் படையின் முதற் பட்டாளங்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தன. ஆர்க்காட்டு முற்றுகை நடந்த 1751-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சிப்பாய்கள் கம்பெனிக்காகப் போரிட்டனர். அம்முற்றுகையால் புகழ் பெற்ற கிளைவின் பெயரால் 1770-இல் ஒரு நிதி ஏற்பட்டது. வங்காள நவாப் மீர் ஜாபர் விட்டுச் சென்ற 5 லட்சம் ரூபாயே அதன் மூலதனம். உடல் தளர்ந்த அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும், அவர்தம் கைம்பெண்களுக்கும் அதிலிருந்து உதவி அளிக்கப்பட்டது. ஆனால் அவ்வுதவி கம்பெனியின் ஐரோப்பியப் படையினரைக் கருதியே அமைந்தது. பணம் இந்நாட்டு நவாபுடையது. பயன் கடல் கடந்து வந்தவர்க்கு. இந்த முரண் அக்கால நெறியை நன்கு விளக்குகிறது.

எனினும் நம்மவரை முற்றிலும் கைவிட்டால் படைக்கு ஆள் கிடையாது என்பதைக் கம்பெனியார் உணர்ந்திருந்தனர். ஆகையால் சென்னைப் படையில் சில ஏற்பாடுகள் தோன்றின. முதுமையால் நெடும் பயணம் இயலாத சிப்பாய்களைக் கோட்டைக் காவலில் அமர்த்துவதற்கென ‘வெட்டரன்’ பட்டாளங்கள் இருந்தன. பணியில் இறந்த சிப்பாயின் மகனைப் ‘பென்ஷன் பையன்’ எனப் பட்டாளத்தின் பட்டியலிற் சேர்த்துச் சிறு தொகை வழங்கினர். அவன் வளர்ந்ததும் தந்தையின் துப்பாக்கியை ஏந்துவான் என்பது எதிர்பார்ப்பு. ஜாவாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய சிப்பாய்கள், தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலுள்ள மனைவி மக்கள் பெறுமாறு செய்யவும் வழி இருந்தது. இவையனைத்தும் பயனுடையவையே. ஆயினும் இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை சிப்பாய்க்கு இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவே. உபகாரச் சம்பளம் என்னும் பெயர் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

வேலூர்க் கோட்டையில் வேறொரு வகைப் பென்ஷனும் வழங்கி வந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், அவருடைய மக்களைக் கம்பெனியார் அங்கே வைத்து உதவித்தொகை கொடுத்தனர். அது தோற்றவரை அடக்கி வைக்கும் பணம். 1806 ஜூலை 10-ஆம் நாள் அக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி யாவரும் அறிந்ததே. அதன்பின் அக்குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அரச குடும்பத்துக்கு அளித்த இப்பணமும், உழைத்து ஓய்ந்த சிப்பாய்க்கு அளித்த பணமும் ஒன்றா? இல்லை என்பதே நம் விடை. ஆனால் 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைத்தது.

அச்சட்டம் இருமுகம் உடையது. அதன் 11-ஆம் பிரிவின்படி, அரசியல் காரணம் பற்றியோ முன்செய்த பணி பற்றியோ அளிக்கப்படும் பென்ஷனை எந்தக் கடன்காரரும் நீதிமன்றத்தின் வழியே பற்றிக்கொள்ள இயலாது. 12-ஆம் பிரிவு, வரவேண்டிய பென்ஷனை முன்கூட்டியே பிறர்க்கு எழுதிக் கொடுப்பது செல்லாது என்கிறது. வட்டிக்கடைக்காரரிடம் பென்ஷன் புத்தகத்தை அடகு வைக்கும் வழக்கம் ஊர்தோறும் இருந்ததை எண்ணினால், இவை எத்துணைப் பெரிய காப்பு என்பது விளங்கும். மறுபுறம், பென்ஷன் பற்றிச் சிவில் நீதிமன்றத்தில் வழக்கிடுவதை அச்சட்டம் தடுத்தது. கலெக்டர் முதலிய அதிகாரியின் சான்று இருந்தாலன்றி வழக்கை ஏற்கலாகாது என்றது. பிறர் பறிக்காதபடி காவல் போட்ட அரசு, தன்னைக் கேள்வி கேளாதபடியும் கதவைச் சாத்திக்கொண்டது.

அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னாட்டுச் சிப்பாய்க்கு வேறொரு இழப்பு நேர்ந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். வடமேற்கு மக்களே போருக்குரிய இனத்தார் என்னும் கொள்கை அவர் காலத்தில் ஓங்கியது. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படை அறவே கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள், அஃதாவது ‘தம்பிகள்’ என்று அன்போடு அழைக்கப்படும் பொறியியற் படையினர், தொடர்ந்து நிலைத்தனர். ஆள் எடுப்பது குறைந்தால், ஒரு தலைமுறை கழித்து அவ்வூர்களில் பென்ஷன் வாங்குவோரும் குறைவர் அன்றோ? ஒரு கொள்கையின் விளைவை ஊர்த் தபாலாபீசில் காணலாம் என்பதற்கு இது சான்று.

முதல் உலகப் போர் முடிந்தபின் 1919-இல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் ஏற்பட்டது. போரிலிருந்து மீண்டவர், மீளாதவரின் குடும்பத்தார் ஆகியோரின் குறைகளைக் கேட்பதற்கென மாவட்டங்களிலும் கிளைகள் பரவின. இன்றைய கேந்திரிய சைனிக் வாரியத்துக்கும், மாவட்டத் தலைநகர்களிலுள்ள சைனிக் நல அலுவலகங்களுக்கும் அதுவே மூலம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினர் தொகை 25 லட்சத்தை எட்டியது. கலைக்கப்பட்ட சென்னைக் காலாட்படை மீண்டும் உயிர்பெற்றது. வட ஆர்க்காடு, சித்தூர் மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் திரளாகச் சேர்ந்தனர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை இன்றும் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் பெற்றுள்ளது. ஆனால் போர் ஓய்ந்ததும் பல லட்சம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டுப் பணி அவர்களுக்கு நிரம்பவில்லை. கையில் ஒரு தொகையும், டிஸ்சார்ஜ் புத்தகமும், பதக்கங்களும் பெற்று ஊர் திரும்பினர். பர்மாக் காட்டில் நான்கு ஆண்டுகள் கழித்தவருக்கும் மாதப் பென்ஷன் இல்லை என்பதே விதியாயிற்று. பின்னாளில் பல மாநில அரசுகள் அத்தகைய போர்க்கால வீரர்க்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் மாத உதவி அளிக்க முன்வந்தன. இது மாநிலத்தின் கொடை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. சித்தூர் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணித் தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஒரே ஜில்லாவிலிருந்து ஒரே பட்டாளத்தில் சேர்ந்த இருவர், ஒருவர் திருத்தணியினர், மற்றவர் திருச்சானூரினர் எனில், அன்று முதல் இரு மாநிலத்தவர் ஆயினர். ஆனால் அவர்கள் வாங்கும் படைப் பென்ஷனில் ஒரு காசும் வேறுபடவில்லை. ஏனெனில் அது மைய அரசின் பொறுப்பு. பிற மாநிலத்தில் வாழும் நம்மவர் முதலில் அறிய வேண்டுவது இதுவே: படைப் பென்ஷன் வீரரோடு கூடவே பயணம் செய்யும்; மாநில அரசின் சலுகைகள் எல்லையில் நின்றுவிடும். நில ஒதுக்கீடு, மாநில வேலைகளில் இடஒதுக்கீடு, உலகப் போர் வீரர்க்கான மாத உதவி முதலியன அந்தந்த மாநிலத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே நிலையாகக் குடியேறியவர், தாம் வாழும் மாவட்டத்துச் சைனிக் நல அலுவலகத்தில் தம் பதிவை மாற்றிக்கொள்வது முறையாகும். ஊரில் பழைய பதிவு கிடக்கிறது என்று இருந்துவிட்டால் இரு மாநிலத்தின் உதவியும் இல்லாது போகக் கூடும்.

பென்ஷன் கருணையா, உரிமையா என்னும் வினாவுக்கு நீதிமன்றம் தெளிவான விடை பகர்ந்தது. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், பென்ஷன் என்பது பணியாளரின் சொத்து, அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1982 டிசம்பர் 17-ஆம் நாள் நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம் இக்கருத்தை மேலும் விரித்தது. படையினரும் சிவில் பணியாளரும் இதனாற் பயனடைந்தனர். குறித்த ஒரு நாளுக்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் எனப் பிரித்துத் திருத்திய பென்ஷனை ஒரு சாராருக்கு மறுப்பது சமத்துவத்துக்கு முரண் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்நாளை இன்றும் பென்ஷனர் நாளாகக் கொண்டாடுகின்றனர். 1871-இல் சாத்திய கதவு இவ்வாறு திறந்தது. படையினர் வழக்குகளுக்கெனவே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் ஏற்பட்டுள்ளது.

அதன்பின்னும் ஒரு குறை நீடித்தது. ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றிய இருவருள், முன்னர் ஓய்வு பெற்றவர் குறைவாகவும் பின்னர் ஓய்வு பெற்றவர் மிகுதியாகவும் பெற்று வந்தனர். சிப்பாய் நாற்பது வயதுக்குள்ளேயே வீடு திரும்புபவர்; ஆதலால் இவ்வேற்றுமை அவரை நெடுங்காலம் வருத்தும். பல ஆண்டுப் போராட்டத்தின் பயனாக ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்னும் திட்டத்தை அரசு 2015 நவம்பரில் ஆணையாக வெளியிட்டது. 2014 ஜூலை 1 முதல் அது செல்லும் என்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை திருத்தப்பட வேண்டும் என்பது விதி. அதன்படி 2019 ஜூலை முதலும், 2024 ஜூலை முதலும் திருத்தங்கள் நடந்துள்ளன. பழைய பென்ஷனர் தம் கணக்கில் இத்திருத்தம் ஏறியுள்ளதா என நோக்குதல் நன்று.

இன்றைய விதிகளின் உள்ளடக்கத்தைச் சுருங்கக் காண்போம். சிப்பாய் முதலிய பதவியினர்க்குப் பென்ஷன் பெறக் குறைந்தது 15 ஆண்டுப் பணியும், அதிகாரிகளுக்கு 20 ஆண்டுப் பணியும் வேண்டும். பென்ஷன் இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் 50 விழுக்காடு. 2016 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு 9,000 ரூபாய்க்குக் குறையாமல் அளிக்க வேண்டும், அகவிலைப்படி தனி. பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிப் பெற்றவர்க்கு 15 ஆண்டு கழிந்தபின் முழுப் பென்ஷன் திரும்பி வரும். 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடும், 90 வயதில் 40 விழுக்காடும், 100 வயதில் ஒரு மடங்கும் கூடுதலாகக் கிடைக்கும். மருத்துவத்துக்கென 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் உடல்நலத் திட்டம் உண்டு. அதன் அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும்.

குடும்பப் பென்ஷன் மூவகைப்படும். இயல்பான இறப்புக்கு 30 விழுக்காடு. தொடக்க ஆண்டுகளில் இது 50 விழுக்காடாக உயர்த்தி அளிக்கப்படும். படைப்பணியின் காரணமாக நேர்ந்த இறப்புக்கு 60 விழுக்காடு. போர்க்களத்தில் இறப்பின் முழு ஊதியத்துக்கு நிகரான தொகை. உடற்குறை எய்தியவர்க்குத் தனிப் பென்ஷன் உண்டு. அக்குறை படைப்பணியால் விளைந்ததா என்பதே அங்கு எழும் வழக்கு. சேர்க்கையின்போது குறிக்கப்படாத நோய் பின்னர்த் தோன்றினால், அது பணியின் விளைவென்றே கொள்ள வேண்டும். மறுப்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணி முடித்தோர்க்குப் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகையால் பணி முடித்த நாளைக் கொண்டே எந்த விதி பொருந்தும் என்பதை உறுதி செய்ய வேண்டும்.

இத்துணை உரிமைகளும் ஏட்டில் இருந்தும், பெயர் மாறுபாடு ஒன்றே அவற்றை முடக்கிவிடும். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுவர். ஆந்திரத்தில் ‘இண்டிபேரு’ என்னும் வீட்டுப்பெயர் முன்னிற்கும். பட்டாளத்துப் பதிவில் வெறும் ‘முனுசாமி’ என்றும், ஆதார் அட்டையில் வீட்டுப்பெயரோடு நீண்டும், வங்கியில் முதலெழுத்தோடும் ஒருவர் பெயர் விளங்குமாயின், அலுவலகத்தார் அவரை மூவராகக் கருதுவர். மனைவியின் பெயர் பதிவில் இல்லாவிடில் துயரம் பெரிது. ‘கண்ணம்மா’ என்று ஊரார் அழைத்த பெயர் ஒன்று, கோயிலில் தாலி கட்டியபோது சொன்ன பெயர் மற்றொன்று என்றால், கணவர் மறைந்தபின் அவர் யார் என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டியவர் ஆகிறார். அதனோடு சந்திரகிரி தாலுகா, வட ஆர்க்காடு, சித்தூர், திருப்பதி எனும் முகவரிக் குழப்பமும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலால் வீரர் உயிரோடு இருக்கும்போதே செய்யத் தக்கவை சில உள. திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் பட்டாளத்துப் பதிவில் ஏறியுள்ளனவா எனக் கேட்டறிய வேண்டும். பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயர் பிழையின்றி இருத்தல் வேண்டும். பிழை இருந்தால் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் திருத்தலாம். பதிவு அலுவலகம் மாநிலத்தைப் பொறுத்ததன்று, பட்டாளத்தைப் பொறுத்தது. மதராஸ் ரெஜிமெண்ட்டினர் நீலகிரியிலுள்ள வெல்லிங்டனுக்கும், மதராஸ் சாப்பர்கள் பெங்களூருக்கும் எழுத வேண்டும். அவர் டில்லியில் வாழ்ந்தாலும் மும்பையில் வாழ்ந்தாலும் இதில் மாற்றமில்லை. படைப் பென்ஷனுக்கான தலைமைக் கணக்கு அலுவலகம் அலகாபாத்தில், அஃதாவது இன்றைய பிரயாக்ராஜில் உள்ளது. அண்மை ஆண்டுகளில் ‘ஸ்பர்ஷ்’ என்னும் மின்வழி ஏற்பாட்டுக்குப் பென்ஷனர் கணக்குகள் மாற்றப்பட்டுள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று அளிக்கத் தவறினால் பணம் நின்றுவிடும். அதற்காக ஊருக்குப் பயணம் செய்ய வேண்டுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே கைரேகையோ முகப்பதிவோ கொண்டு அளிக்கலாம்.

பென்ஷன் இல்லாத முதிய வீரரும் கைம்பெண்ணும் நம்மிடையே உளர். 65 வயது கடந்து வறுமையுற்ற அத்தகையோர்க்குக் கேந்திரிய சைனிக் வாரியம் கொடி நாள் நிதியிலிருந்து மாத உதவி அளிக்கிறது. ஹவில்தார் பதவி வரையிலானோர் இதற்கு உரியர். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் நாம் கொடி வாங்கிச் செலுத்தும் காசு இவ்வழியே பயன்படுகிறது. மனுச் செய்ய வேண்டிய இடம் மாவட்டச் சைனிக் நல அலுவலகமே.

இவ்வரலாறு முடிந்துவிட்டதென்று கூற இயலாது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி இளைஞர் நான்கு ஆண்டுக்கே சேர்க்கப்படுகின்றனர். அவருள் நால்வரில் ஒருவர் வரை நிலைத்த பணியில் அமர்த்தப்படலாம். ஏனையோர்க்கு மாதப் பென்ஷன் இல்லை; தம் ஊதியத்திலிருந்து செலுத்தியதும் அரசு செலுத்தியதும் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். நான்கு ஆண்டு உழைத்து, தொகை ஒன்று பெற்று வீடு திரும்பிய 1946-ஆம் ஆண்டுச் சிப்பாயை இது நமக்கு நினைவூட்டுகிறது. காலம் வேறு, தொகையும் வேறு. எனினும் அன்றைய வீரர் முதுமையில் பட்ட இடரை அறிந்த நாம், இன்றைய இளைஞரின் முதுமையைக் குறித்தும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உதிரப்பட்டி கல்லில் எழுதப்பட்டது. கம்பெனியாரின் உபகாரம் அவர்தம் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது. இன்றைய ஓய்வூதியம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் பெறுவோர் பெயரும் அவ்வாறே பிழையின்றி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ முன்னாள் படைவீரர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் ஒருநாள் எடுத்து வைத்து, மனைவியின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று அவரோடு அமர்ந்து படித்துப் பார்ப்போம். பிழை தென்பட்டால் அன்றே அவருக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுப்போம்.